ரெண்டாவது ஆள்

மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.
16.8.1998, ஞாயிறு

லூயிசா அக்காவுக்கு, சைலஸ் எழுதறது.

இன்னாடா இவன், அம்மாவை அடக்கம் பண்ண அன்னிக்கு மூஞ்சியைத் திருப்பிகினு போனவன், ரெண்டு வருஷம் கழிச்சி கடுதாசி போடறானேன்னு பார்ப்ப. தம்பிதான் எறங்கி வரணும்னு நீ பிடிவாதமா இருப்பன்னு தெரியும். எறங்கிட்டேன், போதுமா? பழசை இதுல பேச மாட்டேன். நீயும் பேசாத.

விஷயம் இன்னான்னா, வண்டி வாங்கிட்டேன். மாருதி ஆம்னி, வெள்ளை, மூணாவது கை. ஃபாக்டரியில அம்பது டன் டம்பரை டெஸ்ட் ஓட்டறவன் வீட்டுக்கு ஓட்டை சைக்கிள்ல வர்றானேன்னு ஐடா கேலி பண்ணிகினே இருப்பா. இப்ப தினம் சாயந்தரம் அவளே வண்டியைத் துடைக்கிறா.

மரியாவுக்குப் பன்னெண்டு வயசு ஆயிடுச்சி, இன்னும் கடலைப் பார்த்ததில்ல. பேத்தமங்களா ஏரியைக் காட்டி, "லூயிசா அத்தை வீட்டுக் கடல் இவ்ளோ பெருசு இருக்குமாப்பா"ன்னு கேக்குது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. அதனால முடிவு பண்ணிட்டேன். இந்த ஆயுத பூஜைக்குக் கடலோரமாவே ஓட்டிகினு உன் வீட்டுக்கு வர்றோம்.

மொத்தம் நாலே நாள். முப்பதாந்தேதி ஷாப்புல மெஷினுக்கெல்லாம் குங்குமம் வெச்சி, பொரி வாங்கிகினு பகல்லயே வெளிய வந்துடுவேன். வியாழன் விஜயதசமி, வெள்ளி காந்தி ஜெயந்தி, சனிக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேன், அப்பால ஞாயிறு. திங்கக்கிழமை காலைல ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு நான் கேட்டுல நிக்கணும்.

வியாழன் விடியக்காலைல நாலு மணிக்குக் கெளம்பினா வி.கோட்டா, பேரணாம்பட்டு, குடியாத்தம் தாண்டி வேலூர்ல இட்லி. பதினோரு மணிக்கு மகாபலிபுரம். அங்கேர்ந்துதான் அக்கா நான் நெனச்ச ரோடு ஆரம்பிக்குது. பாண்டிச்சேரி வரைக்கும் இடது கைப்பக்கம் கடல் வந்துகினே இருக்குமாம். மரியா உக்கார்ற பக்கம். ராத்திரி பாண்டிச்சேரியில தங்கல். வெள்ளிக்கிழமை கடலூர், சிதம்பரம், சீர்காழி, பகல் சோறு உன் கையால. சனிக்கிழமை நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. ஞாயிறு ஒரே ஓட்டமா வீடு. எங்கெங்க ரோடு மோசம்னு மாமாவைக் கேட்டு எழுது.

ஒரு தமாஷ் கேளு. வண்டி வாங்கின மூணாம் நாள் மரியாவை முன்னாடி உக்கார வெச்சிகினு பேத்தமங்களா போனேன். ஏரிக்கரை மேல கண்ணைத் திறந்து பார்க்கறேன், வண்டி நின்னுகினு கீது, சுத்தி எருமை. கண்ணாடியில மூக்கை வெச்சி என்னையே பாக்குதுங்க. மரியா "அப்பா, அப்பா"ன்னு ஒரே அழுகை. வெயில்ல அசந்துட்டேன் போல. ஐஸ் வாங்கிக் குடுத்து, அம்மாகிட்ட சொல்லாதன்னேன். சிரிச்சிட்டா.

உடனே பதில் போடு.

உன் தம்பி
சைலஸ்


தரங்கம்பாடி
22.8.98

அன்புள்ள சைலஸ்,

உன் கடிதம் வந்த அன்று நான் சமைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். உன் மாமா டேவிட் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "தம்பி எழுதினா எனக்குச் சோறு கிடையாதா?" என்று கேட்டார். ஓட்டலில் இருந்து வாங்கி வந்து தின்றோம். நீ எழுதினாயே, அதுவே போதும். பழசைப் பேசவில்லை.

மரியாவுக்கு ஒரு பாவாடை துணி எடுத்து வைத்திருக்கிறேன். நீளம் எவ்வளவு என்று ஐடாவை எழுதச் சொல்.

ரோடு விஷயம் கேட்டாய். இங்கே வாடகை வண்டி ஓட்டுகிறவர்களை டேவிட் விசாரித்தார். மரக்காணம் பக்கம் வேலை நடந்துகொண்டே இருக்கிறதாம். பாதி தூரம் பளபளவென்று இருக்கும், மீதி ஜல்லி. மீன் லாரிக்காரர்கள் ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று கண்மண் தெரியாமல் வருவார்களாம். நாலு நாளில் இவ்வளவு தூரத்தை ஒரே ஆள் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பங்காருப்பேட்டை, அங்கிருந்து சென்னை, பிறகு பஸ். கடலை என் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கலாம். அதற்கு எதற்கு இத்தனை கிலோமீட்டர்?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஓட்டும்போது கண் அசந்தால் வண்டி ஏரிக்குள் அல்லவா போயிருக்கும்? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டா தூங்கினாய்? எருமைகள் வந்து சுற்றி நிற்கிற அளவுக்கு எவ்வளவு நேரம்? பிள்ளை ஏன் அப்படி அழுதது?

அன்புடன்
லூயிசா


மைசூர் மைன்ஸ்
1.9.98

அக்கா,

டீச்சர் வேலையை என்கிட்ட காட்டாத. ஒரு எருமைக்கு நாலு கேள்வி!

ரயில் கதையெல்லாம் வேணாம். ரயில்ல போறதுக்கு நான் எதுக்கு வண்டி வாங்கறேன்? அதுல போனா கடல் எங்க வருது, நீயே சொல்லு. மரியா ரஃப் நோட்டுல ரோடு வரைஞ்சி வெச்சிகினு கீது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மீன் படம். அந்த நோட்டை எடுத்துகினு ரயில் ஏறச் சொன்னா அது மூஞ்சி இன்னா ஆவும்?

பாவாடை நீளம் முப்பத்திரண்டு இன்ச்சாம், ஐடா சொல்றா. நெட்டக் கொக்கா வளர்ந்துட்டா.

வண்டிக்குப் புது டயர் ரெண்டு போட்டேன். இடது பக்கம் சின்ன நசுங்கல். போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சி வெளிய எடுக்கும்போது சர்ச் காம்பவுண்டு கல்லுல உரசிட்டது. பாஸ்டர் அம்மா, "சைலஸுக்கு டம்பர்தான் சரி"ன்னு சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அவமானமா போச்சி. ரெண்டு நாள்ல தட்டி பெயிண்ட் அடிச்சிடுவாங்க.

எனக்கு உடம்புக்கு ஒண்ணியும் இல்ல. தூக்கத்துல நாக்கைக் கடிச்சிகினேன், அதான் மூணு நாளா காரம் இல்லாம தயிர்சோறு. நவம்பர்ல ஃபாக்டரியில மெடிக்கல் வருது, அதுக்குள்ள கொஞ்சம் உடம்பைத் தேத்தணும்.

அப்பறம், பக்கத்து வீட்டு பாக்கியராஜ் நம்பருக்குப் போன் பண்ணாத. அவங்க வீட்டுல கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துக்கறாங்க. கடுதாசியே போடு.

சைலஸ்


தரங்கம்பாடி
7.9.98

சைலஸ்,

ஐடா பக்கத்தில் இருந்தால் இதைப் பிரிக்காதே. தனியாகப் படி.

நாக்கைக் கடித்துக்கொண்டேன், தயிர்சோறு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி எனக்குப் படிக்க முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு அதையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். நம் வீட்டில் தயிர்சோறு யாருக்கு, எப்போது என்று உனக்கு நினைவில்லையா? அப்பாவின் தலையணையில் காலையில் எச்சிலும் ரத்தமுமாக இருக்கும். அம்மா உறையைக் கழற்றிக்கொண்டு போய் ஊறப்போடுவாள். அன்றைக்கு வீட்டில் மிளகாய் கிள்ளமாட்டாள்.

உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினைந்து. அப்பா வைண்டிங் டிரைவர். ஷாஃப்ட்டுக்குள்ளே ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்குக் கேஜில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற எஞ்சின் அவர் கையில். அவர் சமையலறையில் கை கால் வெட்டிக்கொண்டு விழுந்ததை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். அம்மா வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்து நம் கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். "வெளிய மூச்சு விட்டீங்கன்னா அப்பாவை அன்ஃபிட் பண்ணிடுவாங்க, கோட்ரஸைப் பிடுங்கிக்குவாங்க" என்று சொன்னாள். நாம் மூச்சு விடவில்லை.

ஏரிக்கரையில் நீ தூங்கவில்லை. சர்ச் கல்லில் வண்டி தானாக உரசவில்லை. உனக்கு வலிப்பு வருகிறது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போ. மாத்திரையில் அடங்குகிற நோய்தான் என்று இங்கே டாக்டர் சொன்னார். நான் லீவு போட்டு வருகிறேன், உன்னோடு வரிசையில் நிற்கிறேன். அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்டா. உன் பக்கத்தில் மரியா உட்காருகிறாள்.

அக்கா


மைசூர் மைன்ஸ்
13.9.98, ஞாயிறு

அக்கா,

உன் கடுதாசியை அடுப்புல போட்டுட்டேன். இந்த மாதிரி இனிமே எழுதாத. ஐடா கையில கெடைச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்? அவளுக்கு ஒண்ணியும் தெரியாது. தெரியவும் கூடாது.

சரி, கேட்டுட்ட. சொல்றேன். ஏப்ரல்லேர்ந்து வருது. மொத்தம் ஆறு தடவையோ ஏழு தடவையோ. வர்றதுக்கு முன்னாடி வாயில இரும்பை நக்கினா மாதிரி ஒரு ருசி வரும். அது வந்தா ஓரம் கட்டிடுவேன். எருமை அன்னிக்கும் அப்படித்தான் நானே ஓரம் கட்டினேன். சர்ச்சு அன்னிக்கு மட்டும் ருசி வரல. டம்பர் மேல இருக்கும்போது இதுவரைக்கும் வந்ததில்ல.

வேலூர் போன்னு சுலபமா சொல்லிட்ட. சீட்டுல எழுதிடுவாங்க அக்கா. அதை மறைச்சி மெடிக்கல்ல நிக்க முடியாது. அன்ஃபிட்டுன்னா இன்னான்னு தரங்கம்பாடியில இருக்கறவளுக்கு இன்னா தெரியும்? டெஸ்ட் டிரைவரைத் தூக்கி ஸ்டோர்ல துணி மடிக்க உக்கார வெப்பாங்க. லைசென்ஸ் போயிடும். நான் ஓட்டறவன். அதைத் தவிர எனக்கு வேற இன்னா தெரியும்? நவம்பர்ல எப்படியும் மாட்டிக்குவேன்னு எனக்கே தோணுது. அதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பொண்ணை என் வண்டியில உக்கார வெச்சி கடலோரமா ஓட்டணும். அப்பால இன்னா ஆனாலும் ஆவட்டும். இது புரியலையா உனக்கு?

அப்பா மூணு வருஷம் ஓட்டினாரு. அவர் கையால ஒருத்தனுக்கு ஒரு கீறல் ஆச்சா? அந்த ஷாஃப்ட்டுல ஆன ஒரே ஆக்சிடென்ட் அந்த ஏனோக்கு பண்ணது. அப்பா பேரைக் கெடுக்கப் பாத்தவன். அப்பேர்ப்பட்டவன் அம்மா சாவுக்கு வந்து கேட்டுல நின்னா, நீ ஓடிப்போய் ஊரே பாக்க அவன் கால்ல விழற! பேச மாட்டேன்னு சொன்னேன், நீதான் பேச வெச்ச. அன்னிக்கு எனக்கு உன்னை வெட்டிப் போடலாம் போல இருந்துச்சி.

நாங்க வர்றோம். நீ சோறு போடறதுன்னா போடு.

சைலஸ்


தரங்கம்பாடி
19.9.98

சைலஸ்,

நான் ஏன் அவர் காலில் விழுந்தேன் என்று இந்த இரண்டு வருஷத்தில் நீ ஒரு தடவைகூட கேட்டதில்லை. அதன் காரணத்தை இருபத்தெட்டு வருஷமாக நானும் உன்னிடம் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துத்தான் டேவிட்டிடமே சொன்னேன்.

எஞ்சின் ரூமில் அப்பா மட்டும் இல்லை. ஆட்களை இறக்கும் நேரத்தில் பக்கத்தில் ரெண்டாவது ஆள் ஒருவர் நிற்பார். டிரைவருக்கு ஏதாவது ஆனால் பிரேக்கைப் பிடிப்பதற்கு. அப்பாவுக்கு ரெண்டாவது ஆள் ஏனோக் மாமா. அவருக்கு எல்லாம் தெரியும். மூன்று வருஷம் ஷிஃப்ட் முழுக்க அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை தடவை அவர் கை பிரேக்குக்குப் போனது என்று அவருக்கும் தேவனுக்கும்தான் தெரியும். நம் வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிந்தது அந்தக் கையால்.

ஒரு நாள் அவர் கை எட்டவில்லை. அவ்வளவுதான். கேஜ் கீழே போய் மோதியது. நாலு பேருக்குக் கால் முறிந்தது, ஒருவர் அதற்குப் பிறகு நிமிர்ந்து உட்காரவே இல்லை. விசாரணையில் அப்பா, "லீவர் ஏனோக் கையில இருந்தது" என்று சொல்லிவிட்டார். ஆம், நம் அப்பா. ஏனோக் மாமா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூன்று வருஷம் மறைத்ததும் வெளியே வரும்.

விசாரணைக்காரர் வீட்டுக்கும் வந்தார். அம்மா காபி கொடுத்தாள். அவர் என்னைப் பார்த்து, "அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டார். அன்று காலையில்தான் நான் தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன், அவருக்குப் பின்னால் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கார் சார்" என்று சொன்னேன். எனக்குப் பதினெட்டு வயது. சொல்லத் தெரியாத வயது இல்லை. அடுத்த வாரம் ஏனோக் மாமா வீட்டுச் சாமானெல்லாம் மாட்டு வண்டியில் ஏறியது. அவருடைய சின்னப் பெண் என் வகுப்புத் தோழி. என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

அப்பாவால் ஒரு கீறல் ஆனதா என்று கேட்டாயே, இதுதான் பதில். இன்னொரு தடவை நான் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன். இருபத்தைந்தாம் தேதிக்குள் ஓட்டமாட்டேன் என்று உன் கையால் எழுதி வரவேண்டும். வராவிட்டால் ஐடாவுக்கும் எழுதுவேன், உன் ஃபாக்டரி டாக்டருக்கும் எழுதுவேன். நீ என் முகத்தில் முழிக்காவிட்டாலும் பரவாயில்லை.

லூயிசா


கார்டு
கே.ஜி.எஃப்., 22.9.98

அக்கா, உன் கடுதாசி கெடைச்சிது. நீ சொன்னபடியே ஆவட்டும். ரயில்ல வர்றோம். யாருக்கும் எழுதாத. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வந்துடுவோம், எறா வாங்கி வை. சைலஸ்.


தரங்கம்பாடி
26.9.98

என் தங்கமே,

உன் கார்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை நிற்கவில்லை. டேவிட் பயந்துபோய் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். இதைவிடப் பெரிய காரியம் நீ எனக்குச் செய்யமுடியாது. கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. யாருக்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். வேலூருக்கு எப்போது போகலாம் என்று நீ இங்கே வந்ததும் உட்கார்ந்து பேசுவோம். டெஸ்ட் டிரைவர் இல்லாவிட்டால் என்னடா, நீ என் தம்பி இல்லாமல் போய்விடுவாயா?

புதன்கிழமை மாயவரம் போய்ப் புதுப் பாய் மூன்று வாங்கப்போகிறேன். எறா சொல்லி வைத்துவிட்டேன். மரியாவுக்குப் பாவாடை தைத்தாயிற்று, கரையில் மீன் போட்டிருக்கிறேன்.

அக்கா


மைசூர் மைன்ஸ்
27.9.98, ஞாயிறு

அக்கா,

கார்டுல எழுதினது பொய். இதை எழுதாம இருக்க முடியல, அதான் எழுதறேன். இது உன் கைக்கு வர்ற நேரம் நாங்க கெளம்பியிருப்போம், இல்லன்னா கெளம்பப் போற நேரமா இருக்கும். திட்டறதெல்லாம் நேர்ல வந்து வாங்கிக்கறேன்.

இந்தத் தடவை உன் கடுதாசியை அடுப்புல போடல. சட்டைப் பையிலயே கீது. அப்பா அப்படிப் பண்ணாருன்னு படிச்சதும் ஒரு நாள் பூரா எனக்குச் சோறு எறங்கல. ஏனோக்கு மாமாவைப் போய்ப் பாக்கணும், கால்ல விழணும். நிச்சயம் விழுவேன். ஆனா அழுதுகினே எழுதினதால அதுல இருக்கற ஒரு விஷயத்தை நீ பாக்கல. மூணு வருஷம் அக்கா! மூணு வருஷம் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல. ஏன்? பக்கத்துல ரெண்டாவது ஆள் நின்னுகினு இருந்தாரு. தப்பு எங்க ஆச்சி? கை எட்டல. அந்த எஞ்சின் ரூம் அவ்ளோ பெருசு. ஆம்னியில எல்லாமே எட்டும். உக்காந்த எடத்துலேர்ந்தே எட்டும்.

மரியாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்.

புதன்கிழமைலேர்ந்து தினம் சாயந்தரம் பேத்தமங்களா ரோட்டுக்குக் கூட்டிகினு போறேன். ஐடா, அப்பனும் பொண்ணும் ஊர் சுத்தறாங்கன்னு நெனைக்கறா. கிலோமீட்டர் கல்லு வந்தா மரியா நம்பரைப் படிக்கணும், நான் திருப்பிச் சொல்லணும். சொல்லலைன்னா ஒரு தடவை "அப்பா"ன்னு கூப்பிடணும். அதுக்கும் சத்தம் வரலைன்னா ஒரு கையால ஸ்டீயரிங்கை இடது ஓரமா புடிச்சிகினு, இன்னொரு கையால கியரைத் தள்ளிவிட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டு விட்டு இழுக்கணும். ஒரேடியா இழுத்தா வண்டி சுத்திடும்னு சொல்லி வெச்சிருக்கேன். கல்லுக்குக் கல்லு நடுவுல என் முகத்தைப் பாக்கணும். சீட்டு மேல தலகாணி ஒண்ணு போட்டா ரோடு நல்லா தெரியுது. இந்தப் பொண்ணு மாதிரி கவனம் எங்க ஷாப்புல ஒருத்தனுக்குக் கெடையாது அக்கா, சத்தியமா சொல்றேன்.

வெள்ளிக்கிழமை சொல்லாம கொள்ளாம பொய்யா கையை விட்டுப் பாத்தேன். நாப்பதுல போயிகினு இருந்தோம். ரெண்டு கரண்டு கம்ப தூரத்துல நிறுத்திட்டா.

நேத்து பொய்யா விடல. நெஜமாவே வந்துடுச்சி, ருசி கூட வரல. கண்ணைத் திறந்தா வண்டி ஓரமா நிக்குது, சக்கரம் மண்ணுல. பாவாடை நுனியால என் வாயைத் துடைச்சிகினு இருந்தா. ஒரு சொட்டு அழுவல. "பதினேழுன்னு சொன்னேன்ப்பா, நீ சொல்லல"ன்னா. எனக்கு அப்படியே கட்டிப் புடிச்சிக்கணும் போல இருந்துச்சி. அப்பவே எனக்குப் பயம் போயிடுச்சி. எல்லாத்தையும் பாத்துட்டோம், இனிமே ஒண்ணியும் இல்ல.

அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு வேதத்து மேல கை வெச்சிருக்கா. நானா வைக்கச் சொல்லல, "சத்தியம் பண்ணட்டுமாப்பா"ன்னு அவளேதான் எடுத்துகினு வந்தா.

திரும்பி வரும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டா. "எதிர்ல லாரி வரும்போது ஆச்சின்னா?" அப்படியெல்லாம் ஆவாதும்மான்னு சொன்னேன். தலையாட்டினா. ரெண்டு நாளா சரியா சாப்பிடறதில்ல, தூக்கத்துல நம்பர் சொல்லுதுன்னு ஐடா சொல்றா. பரீட்சை பயம்னு சொல்லி வெச்சிருக்கேன். கடலைப் பாத்தா எல்லாம் சரியாயிடும்.

ஜெபத்துல நெனச்சிக்கோ. எறா மறந்துடாத.

சைலஸ்

பாண்டிச்சேரியில தங்கறது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல புது லாட்ஜ், மாடியில ரூம் சொல்லியிருக்கேன்.


தரங்கம்பாடி
1.10.98, வியாழன், காலை மணி பத்தரை

சைலஸ்,

உன் கடிதம் நேற்றே வந்திருக்கிறது. நான் பாய் வாங்க மாயவரம் போயிருந்தேன். தபால்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போக, அவர்கள் மறந்துபோய் இன்று காலை ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். படித்துவிட்டு பூத்துக்கு ஓடினேன். நீ வேண்டாம் என்ற நம்பர்தான், பாக்கியராஜ் வீடு. நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள், முன்னாடி உட்கார்ந்து மரியா கையாட்டினாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். அவரிடம் நான் என்ன சொல்வேன்? மரக்காணம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். கர்நாடகா நம்பர், வெள்ளை ஆம்னி, நிறுத்துங்கள் என்றேன். "இன்னைக்கு ரோட்டுல போற வெள்ளை வண்டியெல்லாம் சாமந்தி மாலை போட்டுக்கிட்டுத்தான் போகுதும்மா, நம்பர் சொல்லுங்க" என்றார்கள். நம்பர் எனக்குத் தெரியவில்லை. நீ எழுதவே இல்லையே.

டேவிட் பதினோரு மணி பஸ்ஸில் பாண்டிச்சேரிக்கு வருகிறார். லாட்ஜ் வாசலிலேயே நிற்பார். இந்தக் கடிதம் அவர் சட்டைப்பையில் வருகிறது. நீ வந்து சேர்ந்தால் சாவியை அவர் கையில் கொடு. கொடுக்காவிட்டால் ஐடாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன். உன் ஃபாக்டரிக்கும் இன்றே எழுதுகிறேன். எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். உன்னைவிட என்மேல்தான் அதிகம். அந்தக் கதையை ஏனடா உனக்கு எழுதினேன், கையை உடைத்துப் போட்டிருக்கவேண்டும். ஒரு கார்டைப் பார்த்துவிட்டுப் பாய் வாங்கப் போனேனே.

இதற்கு மேல் உனக்கு இல்லை. இந்தத் தாளைக் கிழித்து மரியாவிடம் கொடு. டேவிட், அவன் கொடுக்காவிட்டால் நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

மரியா கண்ணு, நான் லூயிசா அத்தை. மாமா பக்கத்துல வந்து நில்லு. இனிமே நீ முன்சீட்டுல உக்கார வேண்டாம், நம்பர் படிக்க வேண்டாம், அப்பா முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டாம். அப்பா ஏறச் சொன்னாலும் ஏறாதே, அழுதாலும் ஏறாதே. சத்தியம் பண்ணினேனேன்னு பயப்படாதே. அது சத்தியமே இல்ல. அம்மாகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லு.

மாமா வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஏதாவது ஆயிருந்தா, இதை நல்லா கேளு. உன் கை எட்டாம போயிருக்கலாம். நீ ஒரு நிமிஷம் கடலைப் பாத்திருக்கலாம். பன்னெண்டு வயசுப் பிள்ளை முதல் தடவையா கடலைப் பாத்தா திரும்பித்தான் பாக்கும், பாக்கணும். யார் கேட்டாலும், போலீஸ் கேட்டாலும், அம்மா கேட்டாலும், இந்தத் தாளைக் காட்டு. இது மரியா செஞ்சது இல்ல. தெரிஞ்சிருந்தும் சொல்லாம இருந்த பெரியவங்க நாங்க செஞ்சது. நான் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

லூயிசா டேவிட், ஆசிரியை, தரங்கம்பாடி.